ஹேண்டில் போட்ட காலம்: கொங்குக் கிணற்றடி ஆயில் எஞ்சின்கள்

கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனத்தில் ஆயில் எஞ்சினின் ஆட்சி நீண்டதல்ல. கவலை இறைத்த மாடுகள் ஓயத் தொடங்கியதற்கும் மின்சார மோட்டார் எல்லாத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்ததற்கும் இடைப்பட்ட சில பத்தாண்டுகளே அதற்குக் கிடைத்தன. பல தோட்டங்கள் எஞ்சினைக் காணாமலே மாட்டிலிருந்து நேராக மோட்டாருக்குப் போய்விட்டன. ஆனாலும் கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் பெரியநாயக்கன்பாளையம், காரமடை வட்டாரத்துத் தோட்டத்துச் சாளைகளின் மூலையில், இரட்டைச் சக்கரம் வைத்த பழைய எஞ்சின் ஒன்று சாக்குப் போர்த்திக் கிடப்பது அரிதல்ல. அந்த எஞ்சினின் வரலாறு பெரும்பாலும் ஒரே குறையைச் சுற்றி நடந்தது. ஓடத் தொடங்கிவிட்டால் பொழுது சாயும்வரை ஓடும். தொடங்க வைப்பதுதான் பாடு.

பெரியநாயக்கன்பாளையம் குருடி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய ஊர். தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு இந்தப் பக்கம் சாரலாகத்தான் வருகிறது. கோவைச் சமவெளியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சராசரியாக 700 மி.மீ. அளவுதான். குருடி மலையில் பிறந்து நொய்யலில் சேரும் கௌசிகா நதியிலும் மழைக்காலம் தவிர நீர் நிற்பதில்லை. ஆகவே இங்கே வெள்ளாமை என்றால் கிணறு. அதுவும் பாறையை வெடிவைத்துப் பிளந்து இறக்கிய, வாய் அகன்ற கிணறு. அதிலிருந்து நீரை மேலே கொண்டுவந்தது கவலை. கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் வாரியில் ஒரு சோடி மாடு முன்னே நடக்க, வடக்கயிறு உருளைமேல் ஏறி, தோல் வாய் வைத்த சால் நீருடன் மேலே வரும். வால்கயிற்றைத் தளர்த்தினால் நீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாட்டைப் பின்னுக்கு நடத்தியாக வேண்டும். விடியுமுன் பூட்டி வெயில் ஏறும்வரை இதே நடைதான். தண்ணீர் கீழே போகப் போக வாரியை நீட்டவும், மாட்டுச் சோடியைக் கூட்டவும் வேண்டியிருந்தது. மாட்டின் தீனிச் செலவே பாசனச் செலவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கணக்கை மாற்றிப் பார்க்கத் துணிந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக 1888இல் வந்த இவர், அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுதலையும் சென்னை மாகாணத்தில் ஊன்றியவர். எண்ணெயில் ஓடும் எஞ்சினையும் பம்பையும் சேர்த்துக் கிணற்றடியில் வைத்தால் மாட்டைவிடச் செலவு குறையுமா என்பதைச் சோதித்துக் காட்டியவரும் அவர்தான். நீர் இறைப்புப் பாசனம் பற்றி அவர் எழுதிய நூல் 1912இல் வெளிவந்தது. அரசு தொழில் நடத்துவது தகாது என்று லண்டனிலிருந்து இந்தியச் செயலர் மார்லி 1910இல் முட்டுக்கட்டை போட்டார். சாட்டர்டனின் தொழில்துறை முயற்சிகள் பல அதனால் முடங்கின. எஞ்சினும் பம்பும் சேர்ந்த சோடி மட்டும் தோட்டக்காரர்களிடையே நிலைத்துவிட்டது.

கோவையில் அது நிலைக்கக் காரணம் பருத்தி. கம்போடியாப் பருத்தி இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மாகாணத்துக்கு வந்து, கிணற்றுப் பாசனத்தில் மானாவாரிப் பருத்தியைவிட நல்ல விளைச்சல் கொடுத்தது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888லேயே தொடங்கப்பட்டிருந்தது. வேளாண் கல்லூரியும் 1906இல் சைதாப்பேட்டையிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. பருத்திக்குக் காசு கிடைத்த தோட்டக்காரரால்தான் எஞ்சின் வாங்க முடிந்தது. புன்செய்த் தானியத்தை மட்டும் விளைவித்தவர் மாட்டோடேயே நின்றார்.

முதலில் வந்த எஞ்சின்கள் பெரும்பாலும் சூட்டுக்குமிழ் வகையைச் சேர்ந்தவை. ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட் வடிவமைத்து, இங்கிலாந்தின் கிராந்தம் நகரில் ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892 முதல் செய்து விற்றது இந்த இனத்தின் முன்னோடி. சிலிண்டர் தலையில் ஒரு வார்ப்பிரும்புக் குமிழ் இருக்கும். அது பழுக்கக் காய்ந்திருந்தால், உள்ளே தெளிக்கும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். ஓடும்போது எரிந்த சூடே குமிழைக் காய வைத்துவிடும். முதல் வெடிப்புக்கு மட்டும் வெளிச்சூடு வேண்டும். அதற்கு ஊது விளக்கை ஏற்றிக் குமிழுக்கு அடியில் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்க வேண்டும். சூடு போதாவிட்டால் சக்கரத்தை எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. சூடு ஏறிய நேரத்தில் சக்கரத்தைத் தப்பாக ஆட்டிவிட்டால் இந்த இனத்தின் சில எஞ்சின்கள் தலைகீழ்த் திசையில் ஓடத் தொடங்கிவிடும். இது குறையா வசதியா என்பது ஆளைப் பொறுத்தது. கப்பல், படகுகளில் இதையே பின்னோக்கிச் செல்லப் பயன்படுத்திக்கொண்டார்கள். கிணற்றடியில் அது பம்பைத் திருப்பிச் சுற்றும் தொல்லைதான்.

எஞ்சின் கிளம்பிவிட்டாலும் கொங்குக் கிணறு இன்னொரு கேள்வி வைத்தது. சுழல் பம்பு உறிஞ்சித்தான் நீரை எடுக்கிறது. காற்றழுத்தம் நீரைத் தள்ளும் உயரத்துக்கு மேல் அதனால் எடுக்க முடியாது. கணக்குப்படி அந்த உயரம் சுமார் 33 அடி; குழாய் உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடிதான். கிணறோ அதைவிட ஆழம். ஆகவே பம்பைக் கிணற்றுக்குள் பாறையில் வெட்டிய மேடையில் உட்கார வைத்து, மேலே எஞ்சினிலிருந்து நீள பெல்ட் இறக்குவது ஒரு வழி. எஞ்சினையே பள்ளத்தில் இறக்குவது இன்னொரு வழி. இரண்டாவது ஆபத்தானது, புகைபோக்கியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு கிணற்றின் குழிவில் தேங்கினால் உள்ளே இறங்கும் ஆளுக்கு மூச்சு நிற்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போதெல்லாம் பம்பின் மேடையும் ஒவ்வொரு படியாக இறங்கும். ஐப்பசி மழையில் கிணறு திடீரென நிரம்பினால் பம்பும் முழுகிப்போகும். எஞ்சின் வைத்த தோட்டக்காரருக்குப் புதுக்கவலைகள் வந்தன என்றால் அது வெறும் சிலேடை அல்ல.

ஊது விளக்கிலிருந்து விடுதலை தந்தது டீசல் வகை. இதில் பற்றவைக்கத் தனியாக எதுவும் இல்லை. பிஸ்டன் காற்றை வேகமாக அமுக்கும்போது காற்றே 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் தூவும் டீசல் தானே எரிகிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் காட்டிய எஞ்சின் பெரிய ஆலைகளுக்கானது. தோட்டத்துக்கு ஏற்ற சிறிய அளவில் அதைக் கொண்டுவந்து உலகெங்கும் பரப்பிய எஞ்சின்களில் முக்கியமானது இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் ஆர்.ஏ. லிஸ்டர் நிறுவனம் 1930ஐ ஒட்டிச் செய்யத் தொடங்கிய சி.எஸ். வகை. படுத்த சிலிண்டருக்குப் பதில் நின்ற சிலிண்டர், இருபுறமும் கனத்த பிளைவீல், நிமிடத்துக்கு 600, 650 சுற்று என்ற நிதானமான வேகம். 6 குதிரைத்திறன் வகையில் சிலிண்டரின் உள்விட்டம் நான்கரை அங்குலம். பிஸ்டனின் ஓட்டம் ஐந்தரை அங்குலம். அதன் தலையில் ஒரு சிறு அறையும் அதை அடைக்கத் திருகும் உண்டு. கிளம்பும்போது திருகை இறுக்கினால் உள்ளிடம் குறைந்து கம்ப்ரஷன் கூடும். கிளம்பியபின் தளர்த்திவிடலாம். குளிர்ந்த எஞ்சினையும் ஹேண்டிலால் கிளப்பலாம் என்ற இந்த ஒரு வசதி, கிணற்றடியில் ஊது விளக்கைத் தேவையற்றதாக்கியது.

இந்தியாவில் சாத்தாராவின் கூப்பர் நிறுவனம் 1933இல் டீசல் எஞ்சின் செய்தது. கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் 1946இல் புணேயில் தொடங்கியது. அதன் பிறகு குஜராத்தின் ராஜ்கோட்டில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் லிஸ்டர் வடிவத்தையே வார்த்து, கடைந்து, பல பெயர்களில் இந்தியா முழுக்க அனுப்பின. டர்ஸ்லியில் அந்த எஞ்சின் 1987இல் நின்றுபோன பிறகும் ராஜ்கோட்டில் நிற்கவில்லை. பழைய எஞ்சினை இன்று மீட்பவருக்கு இது பெரிய நல்வாய்ப்பு. ரிங்கு, லைனர், நாசில், பம்பு எலிமென்ட் எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. உதிரிபாகம் வார்க்கப்படாமல் போன மற்ற எஞ்சின்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஹேண்டில் போட்டுக் கிளப்புவது கைப்பழக்கம். முதலில் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்தே இருப்பதால் காற்று அமுங்காது, சக்கரம் இலேசாகச் சுற்றும். ஹேண்டிலைச் சுற்றி வேகம் ஏற்றி, பிளைவீலில் போதிய விசை சேர்ந்த நொடியில் லீவரை விட வேண்டும். சக்கரத்தில் சேர்ந்த விசைதான் முதல் கம்ப்ரஷனைத் தாண்ட வைக்கிறது. விசை குறைந்தால் பிஸ்டன் பாதியில் நின்று சக்கரம் திருப்பி அடிக்கும். அப்போது ஹேண்டில் கையில் இருந்தால் மணிக்கட்டு போகும். இதற்காகப் பழக்கமானவர்கள் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிப்பார்கள். ஹேண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடிப்பது புதிய ஆளின் அடையாளம். எஞ்சின் பிடித்தவுடன் ஹேண்டில் தானாகக் கழன்று வர வேண்டும். அதன் முனை தேய்ந்திருந்தால் கழலாமல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அறுந்து பறக்கும் ஹேண்டில் எதையும் உடைக்கும். மார்கழி விடியலில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகிச் சுற்று வேகம் குறையும். சிலிண்டர் சுவர் குளிர்ந்து காற்றின் சூட்டை விழுங்கிவிடும். ஒருவர் சுற்ற இன்னொருவர் லீவரைப் பார்த்துக்கொள்வது அந்த நாட்களில் வழக்கம்.

எஞ்சினின் இந்தப் பிடிவாதம் ஒரு தொழிலை வளர்த்தது என்று சொல்வதில் மிகையில்லை. கிளம்பாத எஞ்சினுக்கு ரிங்கு மாற்ற வேண்டும், வால்வை இழைத்து உட்கார வைக்க வேண்டும், புஷ் கடைய வேண்டும். இதற்கு லேத்தும் வார்ப்படமும் தேவை. கோவையில் இவ்விரண்டும் பஞ்சாலைகளின் பழுதுபார்ப்பு வழியே ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம் 1926இல் தொடங்கியது. பம்பு செய்வது அதன் தொடக்ககால வேலைகளில் ஒன்று. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937இல் உருவாக்கியதே இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்பது கோவைத் தொழில் வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படுவது. பெரியநாயக்கன்பாளையத்தில் தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் பாலிடெக்னிக்கும், ரீட்டர் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸும், கடைசல் வேலை தெரிந்த தலைமுறைகளை இந்த வட்டாரத்தில் பெருக்கின. சாலையோரப் பட்டறைகளில் எஞ்சின் ஹெட்டைப் பிரித்தவரும் ஆலையில் நூற்பு இயந்திர உதிரி கடைந்தவரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளாக இருந்தது இயல்பான விஷயம்.

எஞ்சினை வீழ்த்தியதும் இதே ஊர்த் திறமைதான். பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் கோவைக்கு வந்தது. முதலில் ஆலைகளும் பிறகு கிணறுகளும் அதைப் பற்றிக்கொண்டன. மோட்டாருக்குப் புகை இல்லை. கிணற்றுக்குள் இறக்கினாலும் மூச்சு முட்டாது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் போதும், விளக்கும் வேண்டாம் ஹேண்டிலும் வேண்டாம். விடுதலைக்குப் பிறகு கம்பிகள் கிராமங்களுக்குப் போனபோது எஞ்சினுக்குத் தோட்டத்தில் இடமே இல்லாமல் போயிற்று. மின்சாரம் இங்கே எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு விவசாயிகள் போராட்டமே சான்று. மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்த்தியதை எதிர்த்து 1970இல் நடந்த போராட்டத்தின்போது பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தனர். கோவைக்கு வடக்கே வையம்பாளையத்தைச் சேர்ந்த நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் மாட்டு வண்டிகள் கோவை நகரத்தை அடைத்தன. சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் மின்சாரம் இலவசமானது. அதன்பின் டீசல் வாங்கிப் பாசனம் செய்வது எந்தக் கணக்கிலும் கட்டுபடியாகாத காரியம்.

ஆனாலும் எஞ்சின் முற்றிலும் மறையவில்லை என்பதும் உண்மை. சென்னையில் என்ஃபீல்டு நிறுவனம் வில்லியர்ஸ் உரிமத்தில் செய்த சிறு எஞ்சின்களும், 1985க்குப் பிறகு வந்த ஸ்ரீராம் ஹோண்டாவின் கையில் தூக்கும் எஞ்சின்களும் வாய்க்கால், குட்டை நீரை இறைக்கப் பயன்பட்டன. இவை டீசல் அல்ல. பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் சீமெண்ணெய்க்கு மாறுபவை. மின்வெட்டு முற்றிய 2012ஆம் ஆண்டு வாக்கில் ஜெனரேட்டருக்குக் கிராக்கி ஏறியபோது, பழைய டீசல் எஞ்சின்களுக்கும் ஆல்டர்னேட்டர் பூட்டும் வேலை கிடைத்தது.

சாளை மூலையில் கிடந்த பழைய டீசல் எஞ்சினை மீட்பது, கிளம்பாத காரணத்தைத் தேடும் வேலைதான். டீசல் எஞ்சின் கிளம்ப கம்ப்ரஷன், நேரத்துக்குத் தூவும் எண்ணெய், போதிய சுற்று வேகம் என்ற மூன்றும் வேண்டும். நீண்டகாலம் கிடந்த எஞ்சினில் மூன்றும் கெட்டிருக்கும். ஆனால் பெரும்பாலான முயற்சிகள் தோற்பது முதலாவதில். பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தால் நாசில் ஓட்டை வழியே சீமெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊற விட வேண்டும். சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்ப்பார்கள். சம்மட்டி எடுப்பவர் பிஸ்டனை மட்டுமல்ல, கனெக்டிங் ராடையும் இழப்பார். அசைந்தபின் ஹெட்டைக் கழற்றி, ரிங்குகள் அவற்றின் பள்ளத்தில் தாராளமாக அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். கரி ஏறி ஒட்டிய ரிங்கு புதிய லைனரிலும் காற்றை விட்டுவிடும். வால்வுகளை இழைபசை பூசிக் கையால் சுழற்றி இழைத்து, உட்காரும் வளையம் முழுக்க ஒரே சாம்பல் நிறப் பட்டையாகத் தெரியும்வரை செய்ய வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து உள்ளே சீமெண்ணெய் ஊற்றி வைத்தால், வால்வு கசிகிறதா இல்லையா என்பது சற்று நேரத்தில் தெரிந்துவிடும்.

எண்ணெய்ப் பகுதியில் டேங்கின் அடியில் படிந்த தண்ணீரும் துருவுமே முதல் எதிரிகள். டேங்கைக் கழற்றி அலசாமல் புது டீசல் ஊற்றுவது, புது நாசிலையும் கெடுக்கும் வழி. பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். டீசல் பம்பின் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வழியும்வரை விட்டு இறுக்குவார்கள். அடுத்து நாசில் பக்க நட்டைத் தளர்த்தி அதே வேலை. குழாயில் ஒரு சிறு காற்றுக்குமிழி இருந்தாலும் அழுத்தம் நாசிலைத் திறக்காது. எல்லாம் சரியாக இருந்தால் கையால் சக்கரத்தைச் சுற்றும்போது நாசில் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். அனுபவமுள்ள மெக்கானிக் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பது அதைத்தான். அது கேட்காவிட்டால் ஹேண்டிலைத் தொடுவதில்லை.

முதல் புகையும் பேசும். வெள்ளைப் புகை எரியாத டீசல். கம்ப்ரஷன் போதவில்லை அல்லது எஞ்சின் இன்னும் சூடேறவில்லை. நீலப் புகை, எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்பதன் அடையாளம். சுமை ஏற்றாமலே கரும்புகை வந்தால் நாசில் தூவாமல் ஒழுகுகிறது. நீர்க் குளிர்ச்சி எஞ்சின்களில் கொங்குக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, சிலிண்டரைச் சுற்றிய அறையில் கல்லாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டாமல் ஓட்டினால் அரை மணியில் சூடு எகிறும். பம்பின் நீரையே நேராக எஞ்சினுக்குள் விட்டுக் குளிர வைத்த பழைய வழக்கமும் நல்லதல்ல. எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடி, கரி சேர்ந்து, லைனர் தேய்ந்தது அதனால்தான்.

பெட்ரோல், சீமெண்ணெய் எஞ்சின்களில் நோய் வேறு. கார்பரேட்டரில் எண்ணெய் உலர்ந்து பசையாகி ஜெட்டின் மெல்லிய துளையை அடைத்துவிடும். மேக்னெட்டோவின் பாயின்டில் துரு ஏறித் தீப்பொறி வராது. இயந்திரம் கெடுவது ஓடுவதால் அல்ல, சும்மா கிடப்பதால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது பரவிவிட்டதால் பழைய ரப்பர் டயாப்ரம், குழாய்கள் ஊறிப் போகும் தொல்லையும் சேர்ந்திருக்கிறது. வேலை முடிந்ததும் எண்ணெய்க் குழாயை அடைத்து, கார்பரேட்டர் காலியாகி எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட விடுவதே இதற்குச் செலவில்லாத மருந்து.

மீட்ட எஞ்சினுக்குப் பாசனத்தில் வேலை இல்லை. 6 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். இலவச மின்சாரத்தோடு அது போட்டி போட முடியாது. ஆகவே வாங்குபவர் பெரும்பாலும் விருப்பத்துக்காகவோ ஜெனரேட்டர் ஓட்டவோதான் வாங்குகிறார். வாங்குமுன் பித்தளைத் தகட்டில் உள்ள குதிரைத்திறனையும் சுற்று வேகத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. தகடு போய்விட்டால் உதிரிபாகம் தேடுவது குருட்டு வேலை. பிளைவீலின் மையத்தில், சாவி இறங்கும் பள்ளத்தை ஒட்டி மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்தச் சக்கரத்தை ஓட்டக்கூடாது. வார்ப்பிரும்புச் சக்கரம் ஓட்டத்தில் பிளந்தால் எதிரே நிற்பவர் தப்ப முடியாது. அதற்கு வெல்டிங் வைத்தியம் இல்லை, வேறு சக்கரம்தான்.